பனியின் பாரம்

மார்கழி விடியற்காலையில் எங்கள் ஊர்த் தச்சுப்பட்டறையைக் கடந்து கோயிலுக்குப் போகும்போது ஒரு சத்தம் கேட்கும். மழை கிடையாது. தாடகை மலைக்கு மேலே விடிவெள்ளி துலக்கமாக நிற்கும். ஆனாலும் பட்டறையின் தகரக் கூரை விளிம்பிலிருந்து ஒரு சொட்டு விழும். சற்றுப் பொறுத்து இன்னொரு சொட்டு. கீழே சாய்த்து வைத்திருக்கும் அயினிப் பலகையில் அது விழுகிற இடம் மட்டும் ஒரு ரூபாய் வட்டத்துக்குக் கறுத்து நனைந்திருக்கும். இரவெல்லாம் யாருக்கும் தெரியாமல் வந்து கூரையில் அமர்ந்த பனி, வெளிச்சம் வருமுன் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது.

ஒருநாள் அந்த விளிம்பருகே போய் நின்று பார்த்தேன். தகரத்தின் நெளிவு ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துளிக்குள்ளும் கிழக்கு வானம் தலைகீழாக இருந்தது. தென்னை இருந்தது, மலை இருந்தது, மின்கம்பி இருந்தது. கடுகைவிடச் சற்றே பெரிய நீருக்குள் ஒரு நாட்டையே மடித்து வைத்தவன் யார்? நாம் தினமும் அந்த வழியாகத்தான் போகிறோம். பால் வாங்கப் போகிறோம், பேருந்துக்கு ஓடுகிறோம். தலையில் ஒரு சொட்டு விழுந்தால் துடைத்துக்கொண்டு போகிறோம்.

பகலில் வாங்கிய சூட்டைத் தகரம் இரவில் வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மேகமில்லாத இரவில் தடுப்பார் இல்லாமல் அந்தச் சூடு போய்விட, சுற்றியிருக்கும் காற்றைவிடத் தகரம் குளிர்ந்துவிடுகிறது. அப்போது காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் ஈரம், தங்க ஓரிடம் கிடைத்ததென்று வந்து ஒட்டிக்கொள்கிறது. மூடாத பானையில் ஊற்றி வைத்ததுபோல நம்மைச் சுற்றி எப்போதும் நீர் இருக்கிறது. அதனூடேதான் நடக்கிறோம், அதைத்தான் மூச்சாக இழுக்கிறோம். மார்கழிக் கூரைதான் அதை நம் கண்ணுக்குக் காட்டுகிறது.

நாஞ்சில் நாட்டுக்குப் பனி என்றால் இவ்வளவுதான். கும்பப்பூ வயலில் நெற்கதிர் நனைந்து தலை சாய்க்கும். வரப்பில் நடந்தால் கணுக்கால் ஈரமாகும். ஆனால் தமிழுக்குப் பனி பெரிய சொல். தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தபோது, முன்பனி, பின்பனி என்று இரண்டைப் பனிக்கே கொடுத்துவிட்டது. ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு! புல்நுனியில் நிற்கும் துளிக்கும் இமயத்தின் முடியை மூடிக்கிடக்கும் வெண்மைக்கும் நம் மொழி ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறது. சொற்பஞ்சம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அது ஆழ்ந்த அறிவாகத் தோன்றுகிறது. இரண்டும் ஒன்றேதான் என்று நம் முன்னோர் அறிந்திருக்கிறார்கள்.

நீலகிரிக்குப் போனால் அந்த ஒருமை கண்ணெதிரே நடக்கும். அங்கே குளிர்காலத் தொடக்கத்தில் நீர்ப்பனி விழும். குளிர் முற்றியதும் அதுவே உறைபனியாகும். உதகையின் புல்வெளிகள் ஒரே இரவில் உப்புக் கொட்டியதுபோல வெளுத்துக் கிடக்கும். பார்க்க அத்தனை அழகு. ஆனால் அந்த வெண்மை தொட்ட தேயிலைக் கொழுந்து சில நாளில் கருகிவிடும். தீயில்லாமல் கருக்கும் வித்தை அதற்குத் தெரியும்.

இன்னும் வடக்கே, இன்னும் உயரே போனால் நீர் வேறொரு கோலம் பூணுகிறது. மேகத்துக்குள் மிதக்கும் ஒரு தூசியைப் பற்றிக்கொண்டு ஈரம் உறைகிறது. உறைந்த அந்தப் பொட்டிலிருந்து ஆறு கைகள் முளைக்கின்றன. ஒவ்வொரு கையிலும் கிளை, கிளையில் இன்னும் நுண்ணிய கிளை. ஒரு கையில் எது முளைக்கிறதோ அதற்கு ஈடாக மற்ற ஐந்திலும் முளைக்கிறது. ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ள அவற்றுக்கு வழியில்லை. ஒரே காற்றில், ஒரே குளிரில், ஒரே ஈரத்தில் ஆறு கைகளும் சேர்ந்து பயணம் செய்கின்றன, அவ்வளவுதான். ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரே நடை வருவதுபோல. குமாரகோவிலில் ஆறுமுகனைத் தொழுது நிற்கும் நமக்கு, ஆறு முகத்தில் ஓர் அழகு என்பது புதிதன்று. வானமும் அந்த எண்ணையே தேர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போது கை தானாகக் குவிகிறது.

ஏன் ஆறு? இந்தக் கேள்வியை முதலில் ஊன்றிக் கேட்டவர் கோள்களின் பாதையைக் கணித்த கெப்ளர். பிராகு நகரின் பாலத்தில் நடந்துபோகும்போது அவருடைய மேலங்கியில் பனி விழுந்தது. 1611இல் அதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி, புரவலருக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தார். விடை அவருக்கு முழுதாகக் கிட்டவில்லை. ஒரு நீர் மூலக்கூறு குளிரில் தன் அண்டையில் இருக்கும் நான்கு மூலக்கூறுகளின் கையைப் பிடித்துக்கொள்கிறது, அப்படிப் பிடித்தவை ஆறாறாக வளையம் கட்டுகின்றன என்று நாம் அறிந்துகொள்ள முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த வளையங்களுக்கு நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவதால்தான் பனிக்கட்டி நீரில் மிதக்கிறது. அது மூழ்கும் பொருளாக இருந்திருந்தால் குளிர்நாட்டு ஏரிகள் அடியிலிருந்து உறைந்து, மீனும் பாசியும் அற்றுப்போயிருக்கும். கையைப் பிடிக்கும் கோணத்தில் இத்தனை உயிரின் கணக்கு இருக்கிறது.

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் வில்சன் பென்ட்லி என்றொரு விவசாயி இருந்தார். நுண்ணோக்கியோடு படப்பெட்டியைப் பொருத்தி, 1885 ஜனவரி 15 அன்று ஒரு பனிப்படிகத்தைப் படமெடுத்தார். பிறகு ஒவ்வொரு குளிர்காலத்திலும், சூடில்லாத கொட்டகையில், தன் மூச்சுப் பட்டுக் கரைந்துவிடாதபடி மூச்சை அடக்கிக்கொண்டு, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகங்களைப் படமாக்கினார். ஒன்றைப்போல் இன்னொன்றை அவர் காணவில்லை. 1931இல் பனிப்புயலில் நடந்து வீடு திரும்பி, நிமோனியா கண்டு இறந்தார். வாழ்நாளெல்லாம் எதன் முன் மூச்சை அடக்கி நின்றாரோ அதுவே அவரை அழைத்துக்கொண்டது. இந்த மனிதரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்க் கோயில்களில் விடிய விடிய விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் ஆட்களின் நினைவு வரும்.

ஜப்பானின் ஹொக்கைடோவில் நகாயா உகிசிரோ என்ற அறிவியலாளர் 1936இல் ஆய்வகத்துக்குள்ளேயே பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். அது ஒட்டிக்கொண்டு வளர ஓர் இழை வேண்டியிருந்தது. பலவற்றை முயன்று, கடைசியில் முயலின் முடி ஒன்றில்தான் அது மலர்ந்தது. எந்தக் குளிரில் எத்தனை ஈரத்தில் எந்த வடிவம் வரும் என்று அவர் வரைந்து வைத்தார். ஆகவே தரையில் விழுந்த ஒரு படிகத்தைப் பார்த்து, அது பிறந்த வானத்தின் நிலையைச் சொல்லிவிடலாம்.

இத்தனை நுட்பமாகச் செய்த ஒரு படிகத்தின் எடை, சிறியதாக இருந்தால், ஒரு மில்லிகிராம்கூட இராது. உள்ளங்கையில் விழுந்தால் விழுந்தது தெரியாது. குளிர் மட்டும் தெரியும்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து மீட்டர் அகலம், இருபது மீட்டர் நீளம் உள்ள ஒரு பட்டறை. கூரையின் பரப்பு 200 சதுர மீட்டர். குளிர்நாடொன்றில் அதன்மேல் முழங்காலுக்குச் சற்று மேலே, 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈரப்பனி அமர்கிறது. புதிதாக உதிர்ந்த உலர்பனி பஞ்சுபோல. ஒரு கனமீட்டர் 100 கிலோகூடத் தேறாது. ஆனால் வெயில் பட்டு இளகி, மேலே மழையும் தூறிவிட்டால், பனி அந்த நீரைக் குடித்துவிட்டு அங்கேயே இருக்கும். உயரம் கூடாது, எடை மட்டும் மூன்று மடங்காகும். கனமீட்டருக்கு 300 கிலோ என்று வைத்தால் அந்தக் கூரையின் மேல் 36 டன். நான்கு டன் எடையுள்ள கோயில் யானைகள் ஒன்பதை மேலே ஏற்றி நிறுத்தியதற்குச் சமம். படிகக் கணக்கில் சொன்னால், மில்லிகிராம் ஒன்றாக 3,600 கோடி. இதில் எந்த ஒன்றும் கூரையை உடைக்க வரவில்லை. தன் எடையை வைக்க இடம் கேட்டு வந்தது. இடம் கொடுத்த கூரைக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

போலந்து நாட்டின் கட்டோவிட்சே நகரில் 2006 ஜனவரி 28 அன்று பெரியதொரு கண்காட்சிக் கூடத்தின் கூரை பனியின் கனம் தாங்காமல் இறங்கியது. உள்ளே புறா வளர்ப்பவர்களின் கண்காட்சி. 65 பேர் இறந்தார்கள். கூரையின் வடிவமைப்பிலேயே பிழை இருந்ததும், படிந்த பனியை அகற்றாமல் விட்டதும் பின்னால் தெரியவந்தன. வீடு தேடித் திரும்பும் பறவையைப் பழக்கியவர்கள் வீடு திரும்பவில்லை. அதற்கு முன்பே, 1978 ஜனவரி 18 அன்று, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஒரு விளையாட்டரங்கின் கூரை விடியுமுன் விழுந்தது. சில மணி நேரம் முன்புதான் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அங்கே கூடைப்பந்து பார்த்துவிட்டுக் கலைந்திருந்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை. அந்தக் கூரை கணினியின் துணையோடு கணக்கிட்டுக் கட்டியது. கணக்கை மனிதர் எந்தக் கருவியால் போட்டாலும், எடை தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்கிறது.

நமக்கும் இந்தப் பனிக்கும் ஒட்டுறவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் சரிந்த பனி, 19ஆம் மெட்ராஸ் படைப்பிரிவின் பத்து வீரர்களை அவர்களுடைய கூடாரங்களோடு மூடியது. அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பனி என்றால் நெற்கதிரின் துளி என்று மட்டுமே அறிந்த வீடுகளுக்கு அந்தச் சேதி வந்தது.

எங்கள் நாட்டில் கூரைக்கு வரும் சோதனை வேறு உருவத்தில் வரும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்று ஆண்டில் இருமுறை வானம் திறக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று வேறு ஓயாமல் வரும். முப்பந்தலின் காற்றாலைகள் அதன் சாட்சி. ஒரு சதுர மீட்டர் தட்டையான கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை தேங்கினால் ஒரு கிலோ. வடிகுழாயைச் சருகு அடைத்து ஒரு சாண் தேங்கினால் இருநூறு கிலோவுக்கு மேல். பனிநாட்டுக் கூரை படும் பாட்டை நம் கூரையும் படும்.

காற்றின் எடையோ இன்னும் வியப்பு. ஒரு கனமீட்டர் காற்று ஒன்றேகால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அதுவே மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஒரு சுவரில் மோதினால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 45 கிலோ எடை தள்ளுவதுபோலத் தள்ளும். முன்பக்கம் திறந்த கொட்டகைக்குள் அது நுழைந்தால் கூரையைக் கீழிருந்து தூக்கும். அதே நேரத்தில் மேலே ஓடும் காற்று கூரையை வாரி இழுக்கும். பனி அமுக்குகிறது, புயல் பறிக்கிறது. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத ஈரமும் காற்றும்தான்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி முனைக்குத் தெற்கே, கரையை ஒட்டிக் கடந்துபோனது. கடலுக்குப் போன தமிழக, கேரள மீனவர்கள் நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. அந்தத் துயரத்தின் முன் வேறெதையும் பேச நாக்கூசுகிறது. கரையிலும் ரப்பர் தோட்டங்கள் படுத்தன. வாழைகள் ஒன்றுமிச்சமில்லாமல் சாய்ந்தன. எங்கள் பட்டறையின் கூரையும் அன்றுதான் போனது. ஏறக்குறையத் தட்டையாகப் போட்ட தகரம். முதலில் ஒரு ஷீட்டின் ஓரம் படபடத்தது. பிறகு ஜே-போல்ட்டுகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்தன. கடைசியில் மேலே பிடிமானம் இழந்த சட்டம், இழைப்பு எந்திரத்தின் மேலேயே சரிந்தது. வேலை இல்லாத நாள் என்பதால் உள்ளே யாரும் இல்லை.

இரண்டு நாள் கழித்து மூத்தாசாரி வந்து பார்த்தார். எண்பதைத் தாண்டியவர். சத்தம் போடவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. கீழே கிடந்த தகரத்தின் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மழையும் காத்தும் விருந்தாளி மாதிரி மக்களே. வரதுக்கும் வழி வேணும், போறதுக்கும் வழி வேணும். போக வழி விடலேன்னா ரெண்டும் இங்கயே குடியிருந்திரும்.” பிறகு இரண்டு கைகளையும் விரல்நுனி ஒட்டினாற்போல் கூப்பி, என் முகத்துக்கு நேரே காட்டினார். “சரிவு இப்பிடி இருக்கணும்.”

பல ஆண்டுகளுக்குப் பிறகு ஜப்பானின் சிரகவா-கோ கிராமத்தைப் பற்றிப் படித்தபோது அந்தக் கைகள் என் நினைவுக்கு வந்தன. ஆளுயரத்துக்கும் மேலே பனி பொழியும் மலைப்பள்ளத்தாக்கு அது. வீடுகளின் கூரை அறுபது பாகை அளவுக்குச் செங்குத்தாக இறங்குகிறது. கூரைச் சட்டத்தை ஆணியில்லாமல் கயிற்றால் கட்டி, புல்லால் வேய்ந்திருக்கிறார்கள். வேய்கிற நாளில் ஊரே கூடிக் கைகொடுக்கிறது, நம் பக்கம் ஒருகாலத்தில் மழைக்கு முன் ஓலை வேய ஊர் கூடியதுபோல. 1995இல் யுனெஸ்கோ அந்த ஊரை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அந்தக் கூரைக்கு அவர்கள் வைத்த பெயர் காஷோ-சுகுரி. கும்பிடக் கூப்பிய கை என்பது பொருள். பனிப்பொழிவே கிடையாத நாட்டில் ஒரு மூத்தாசாரியும், பனி தவிர வேறறியாத குளிர்காலத்தில் யாரோ ஒரு ஜப்பானியத் தச்சரும், ஒருவரையொருவர் காணாமலே ஒரே முத்திரைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். நீர் சொல்லிக்கொடுத்த பாடம் இரண்டு நாட்டிலும் ஒன்றாக இருந்திருக்கிறது.

தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால், நாம் பளபளக்கும் கறுப்புத் தரையையும் மரச் செதுக்கலையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். அடுத்தமுறை தலையை நிமிர்த்திப் பாருங்கள். கழுக்கோல்கள் வரிசை வரிசையாக ஏறி, முகட்டில் ஒன்றோடொன்று சாய்ந்து தாங்கிக்கொள்வதைப் பாருங்கள். ஓட்டின் கனம் பட்டியலுக்கும், பட்டியலின் கனம் கழுக்கோலுக்கும், அதிலிருந்து உத்திரத்துக்கும் சுவருக்கும் மண்ணுக்கும் கைமாறிக் கைமாறி இறங்குகிறது. 1601இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் அரண்மனை அது. ஆண்டுக்கு இரண்டு மழைக்காலமாக எத்தனை கோடித் துளிகள் அந்தச் சரிவில் வழுக்கி ஓடியிருக்கும்! ஒன்றையும் அது தங்கவிடவில்லை.

ஆனால் மூத்தாசாரிக்கும் அந்தப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் வாசலிலேயே நிற்கிறார்கள். தென்னங்கீற்றைக் கையிலெடுத்துப் பாருங்கள். ஒவ்வோர் இலையும் நடுவில் ஈர்க்கு வைத்து இரு பக்கமும் மடிந்த சிறு கூரை. பனையோலை விசிறிபோல் மடிப்பு மடிப்பாக, ஒவ்வொரு மடிப்பும் ஒரு வாய்க்கால். வாழையிலையோ காற்று வந்தால் நரம்போடு நரம்பாகத் தானே கிழிந்து வழிவிடுகிறது. கிழிந்த இலை அசிங்கம் என்று நாம் அதைப் பந்தியில் ஒதுக்குகிறோம். முழுசாக நிற்க அடம்பிடித்திருந்தால் சின்னக் காற்றிலேயே மரம் வேரோடு சாய்ந்திருக்கும். பனிநாட்டுத் தேவதாருக்களைப் பாருங்கள். கூம்பு வடிவில், கிளைகளைத் தாழ்த்தியே வளர்கின்றன. கனம் ஏறினால் இன்னும் தாழ்ந்து, பனியை நழுவவிட்டுவிட்டு மீண்டும் நிமிர்கின்றன. விதைக்குள் இருக்கும்போதே இதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியில் கூரைச் சாத்திரம் முழுவதையும் எழுதிய கை எத்தனை பெரிய கை!

எங்கள் பட்டறைக்கு இப்போதும் தகரக் கூரைதான். ஆனால் சரிவு மூத்தாசாரி காட்டிய சரிவு. இருபக்க முக்கோணச் சுவரிலும் காற்று போக அழி வைத்திருக்கிறார்கள். இந்த மார்கழியிலும் அந்த விளிம்பில் துளிகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் தலைகீழாக ஒரு மலை.

ஐப்பசி மழை தொடங்குமுன் நீங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். உங்கள் வீட்டுக் கூரையையும், பிள்ளைகள் படிக்கும் பள்ளிக் கூரையையும், பத்துப்பேர் நின்று வேலை செய்யும் கொட்டகைக் கூரையையும் ஆள்விட்டுப் பாருங்கள். வடிகுழாயில் அடைத்திருக்கும் மாவிலைச் சருகை அள்ளிப் போடச் சொல்லுங்கள். தளர்ந்த போல்ட்டுகளை முடுக்கச் சொல்லுங்கள். ஒரு காலை நேரத்து வேலைதான்.